‘க்யூட்’ என்ற சொல் வந்த வழி



எங்கள் விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைகளை வாங்க வருகிறவர்கள், அதிலும் நவராத்திரி கொலுவுக்கு முன்னால் வருகிறவர்கள், அடிக்கடி சொல்லும் சொல் ‘க்யூட்’. பிள்ளையாரும் க்யூட், தவழும் கண்ணனும் க்யூட். நம் பேரப்பிள்ளைகளுக்கும் ‘அழகு’ மறந்து இதுதான் வாயில் வருகிறது. இந்தச் சொல் வந்த வழியைச் சொல்கிறேன், கேளுங்கள்.

லத்தீனில் ‘அக்குஸ்’ என்றால் ஊசி. அந்த வழியில் வந்தது ‘அக்யூட்’, அதாவது கூர்மையானது. குறுங்கோணத்தை ஆங்கிலத்தில் ‘அக்யூட் ஆங்கிள்’ என்று படித்தோமே, அதே சொல்தான். 18ஆம் நூற்றாண்டில் பேச்சுவழக்கில் முதல் எழுத்து உதிர்ந்து ‘க்யூட்’ ஆனது. அப்போது அதற்குப் பொருள் கூர்மதி உள்ளவர், கெட்டிக்காரர். 1830களில் அமெரிக்காவில்தான் ‘பார்க்க நன்றாக இருப்பது’ என்ற பொருள் ஏறியது. பிறகு குழந்தை, நாய்க்குட்டி, பொம்மை என்று சின்னவற்றோடு ஒட்டிக்கொண்டது.

நம்மிடமும் இப்படி ஒரு சொல் உண்டு: ‘சமர்த்து’. வடமொழியில் ‘சமர்த்த’ என்றால் திறமையுள்ள. நாமோ, அடம்பிடிக்காமல் பால் குடித்த குழந்தையை “சமர்த்துக் குட்டி” என்று கொஞ்சுகிறோம். திறமையைச் சொன்ன சொல் அங்கேயும் இங்கேயும் கொஞ்சும் சொல்லாகிவிட்டது.

சில உருவங்களைக் கண்டதும் நமக்கு ஏன் கொஞ்சத் தோன்றுகிறது? ஆஸ்திரிய விலங்கியல் அறிஞர் கான்ராட் லோரன்ஸ் 1943இல் இதற்கு விளக்கம் எழுதினார். பெரிய தலை, அகன்ற நெற்றி, பெரிய கண், உப்பிய கன்னம், குட்டையான கைகால். இவை கைக்குழந்தையின் அடையாளங்கள். எதில் கண்டாலும் மனம் இளகும் என்றார். கொலுவில் இருக்கும் கண்ணன் பொம்மையைப் பாருங்கள், அத்தனையும் இருக்கும்.

ஆனால் அந்த முகம் தானாக வருவதில்லை. பீங்கான் களிமண், ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ் மூன்றையும் அரைத்துத் தண்ணீரில் கூழாக்கி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்ற வேண்டும். அச்சு தண்ணீரை உறிஞ்ச, உட்புறத்தில் களிமண் படியும். மீதிக் கூழை எப்போது கவிழ்ப்பது என்பது கைப்பழக்கம். முந்தினால் சுவர் மெலியும், பிந்தினால் தடிக்கும். பிறகு அச்சின் இணைப்புத் தடத்தைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்து, காயவைத்துச் சூளையில் சுட வேண்டும். கண் எழுதும்போது தூரிகை மயிரிழை தள்ளினாலும் முகமே மாறிவிடும்.

“சோ க்யூட்” என்று கையில் எடுத்தவர்களே அடுத்த நொடியில் பாதி விலைக்குக் கேட்பதைப் பார்த்திருக்கிறேன். பொம்மையை க்யூட் என்று சொல்லுங்கள், தப்பில்லை. அந்தச் சொல்லின் பழைய பொருள் அதைச் செய்த கைக்குத்தான் பொருந்தும். விலை பேசும்போது அதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஊரில் குழந்தைகளைக் கொஞ்ச என்னென்ன சொற்கள் உண்டு? எழுதுங்கள், சேர்த்து வைப்போம்.