ஷப்பா திராட்சைத் தோட்டம், ஃபுயி

சுவிட்சர்லாந்தின் வலே மாநிலத்தில், ரோன் ஆறு மார்த்தினி நகரருகே வடமேற்காகத் திரும்புமிடத்தை ஒட்டியுள்ள ஊர் ஃபுயி. அதன் மலைச்சரிவில் லா லியோடிசா என்ற வீட்டைச் சுற்றி அமைந்த குடும்பத் தோட்டமும் ஒயின் ஆலையும் இது. 1980களின் பிற்பகுதியிலிருந்து மரி-தெரேஸ் ஷப்பா (பி. 1960) நடத்திவருகிறார். பரப்பு சுமார் 10 ஹெக்டேர்தான். ஆனாலும் சுவிஸ் ஒயினின் தரத்தைப் பற்றிப் பேசுவோர் முதலில் சொல்லும் பெயர்களுள் ஒன்று இது.

இருபுறமும் உயர்ந்த ஆல்ப்ஸ் மலைகள் மேகங்களைத் தடுத்துவிடுவதால், இப்பள்ளத்தாக்கில் ஆண்டுக்குச் சுமார் 600 மி.மீ. மழையே பெய்கிறது. சென்னை பெறுவதில் இது பாதிகூட இல்லை. தெற்கு நோக்கிய சரிவில் வெயில் நேராக விழுகிறது. சாந்து பூசாமல் அடுக்கிய கற்சுவர்கள்தாம் படிப்படியான தோட்டங்களில் மண்ணைத் தாங்குகின்றன. பல இடங்களில் டிராக்டர் ஏற வழியில்லை. கவாத்து, களையெடுப்பு, அறுவடை எல்லாம் கைவேலை.

குடும்பத்தின் முந்தைய தலைமுறையில் பெரிய பெயர் மோரிஸ் த்ருவாயே (1880–1961). மரி-தெரேஸின் தந்தைவழிப் பாட்டிக்கு உடன்பிறந்தவர். 1913 முதல் 1953 வரை மாநில அமைச்சராக இருந்தார். ரோன் சமவெளியின் சதுப்பு நிலத்தை வடித்து விளைநிலமாக்கும் பணியை முன்னெடுத்தார். ஷாத்தோநெஃப் வேளாண் பள்ளி அவர் காலத்தில்தான் தொடங்கியது. 1930இல் அவர் முயற்சியால் உருவான ப்ரோவேன் கூட்டுறவு, துண்டு நிலம் வைத்திருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களின் திராட்சைக்கு வாங்குவோரைத் தேடித் தந்தது. அவருடைய தோட்டங்களைச் சில காலம் பார்த்துக்கொண்டவர் அவருடைய சகோதரியின் மகன் மோரிஸ் ஷப்பா (1916–2009). பிரெஞ்சு மொழியில் எழுதிய சுவிஸ் கவிஞர்களில் முக்கியமானவர், மரி-தெரேஸுக்குப் பெரியப்பா.

கூட்டுறவு வறுமையைத் தணித்தது. ஆனால் எடைக்கு விலை கிடைத்தபோது எடையே குறிக்கோளாகிப்போனது. 1982, 1983 ஆண்டுகளின் மிகுவிளைச்சலில் ஒயின் விற்காமல் தேங்கி, விலை சரிந்தது. கொடிக்கு இவ்வளவுதான் என்று மகசூலுக்கு வரம்பு கட்டும் பேச்சு அதன்பிறகே வலுத்தது. ஷான்ஜேனில் ஒயின் தொழில் பயின்று, அங்குள்ள ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய மரி-தெரேஸ் ஊர் திரும்பியது இந்தச் சூழலில்தான். குலைகளைக் குறைத்து, ஒவ்வொரு நிலத்துண்டின் பழத்தையும் தனித்தனியாகப் பறித்து, தன் பெயரிலேயே புட்டியில் அடைத்து விற்றார். த்ருவாயே வகுத்த பாதைக்கு இது எதிர்த்திசை போலத் தெரியலாம். என் பார்வையில், அவர் நிலைக்க வைத்த விவசாயத்துக்கு அடுத்த படி இதுவே.

தோட்டத்தின் உயிர்நாடி பெத்தித் ஆர்வின் என்ற வலேயின் பழைய வெள்ளை ரகம். 1602ஆம் ஆண்டு ஆவணத்திலேயே அதன் பெயர் வருகிறது. தாமதமாகப் பழுக்கும், பருகி முடித்ததும் நாக்கில் மெல்லிய உப்புச்சுவை நிற்கும். குலைகளைக் குளிர்காலம் வரை கொடியிலேயே விட்டால், ஃபோன் எனப்படும் வெப்பக்காற்றில் வற்றியும் நற்பூஞ்சை படிந்தும் இனிப்பு செறிகிறது. இத்தகைய ஒயினுக்கென 1996இல் உருவான 'கிரேன் நோப்ள் கோன்ஃபிதான்சியெல்' உடன்படிக்கையின் நிறுவனர்களுள் மரி-தெரேஸும் ஒருவர். கொடிக்குக் குறைந்தது 15 வயது, சாற்றின் சர்க்கரைச் செறிவு குறைந்தது 130 எக்ஸ்லே பாகை, வெளிச்சர்க்கரை கூடாது, ஓராண்டு மரப்பீப்பாய் வாசம் ஆகியவை அதன் விதிகள்.

1997இல் பிரான்ஸின் ரோன் பகுதி உற்பத்தியாளர் மிஷேல் ஷப்பூத்தியேயின் தோட்டத்தைப் பார்த்தபின், உயிராற்றல் வேளாண்மைக்கு மாறத் தொடங்கினார். ருடால்ஃப் ஸ்டைனரின் 1924 சொற்பொழிவுகளில் பிறந்த முறை அது. பசுவின் கொம்பில் சாணத்தை அடைத்து மண்ணில் புதைத்து, பின்னர் நீரில் கலக்கித் தெளிப்பது, பஞ்சகவ்யம் பழகிய நம்மூர் உழவர்களுக்கு அந்நியமாகத் தோன்றாது.

ஈரமான ஆண்டுகளில் இம்முறை கடுஞ்சோதனை. 2021 கோடையின் இடைவிடாத மழையில் வலே முழுவதும் அடிச்சாம்பல் நோய் பரவி, இயற்கைத் தோட்டங்களில் விளைச்சலைப் பெருமளவு அழித்தது. லா லியோடிசாவில் அதன்பிறகும் செயற்கை வேதி மருந்துக்கு இடமில்லை.