கேட்டு வாங்கினோம், கேட்டுச் சமைத்தோம், கேட்டு ஓட்டினோம்



நம் வரலாறு என்றதும் கப்பலில் வந்த வணிகர்களைப் பற்றியும் பள்ளிவாசல்கள் கட்டப்பட்ட ஆண்டுகளைப் பற்றியும்தான் அதிகம் பேசுகிறோம். எதை வாங்குவது, எப்படிச் சமைப்பது, எந்த ரோட்டால் போவது என்று நம் முன்னோர் யாரிடம் கேட்டார்கள் என்பதைப் பேசுவது குறைவு. பஞ்சத்திலும் யுத்தத்திலும் நம் வீடுகளைக் காத்ததில் அந்தச் சின்னக் கேள்விகளுக்கும் பங்குண்டு. கிழக்கு மாகாணத்து ஊர்களில் பெரியவர்கள் சொல்லிக் கேட்டவற்றை வைத்து அதைக் கொஞ்சம் பார்ப்போம்.

மஷூரா நமக்குப் புதிதல்ல. குர்ஆனின் 42 ஆவது அத்தியாயத்தின் பெயரே அஷ்ஷூரா. ஆனால் யாரிடம் கேட்பது என்பதும் மார்க்கம் காட்டித் தந்த விடயம்தான். பேரீச்சை மகரந்தச் சேர்க்கை பற்றிய ஹதீஸில், உலகக் காரியங்களில் அவற்றைச் செய்பவர்களே நன்கு அறிந்தவர்கள் என்று நபி (ஸல்) அவர்கள் தெளிவுபடுத்தினார்கள். சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு, அதை ஏன் மேலே வைக்கவில்லை என்று வியாபாரியிடம் கேட்டார்கள். அறிந்தவரிடம் கேள், அறிந்ததை மறைக்காதே. இந்த இரண்டும்தான் நம் ஊர்களின் நடைமுறையாகவும் இருந்தன.

1942 இல் பர்மா ஜப்பானியர் கையில் விழுந்தது. அங்கிருந்து வந்த அரிசி நின்றது. இலங்கையில் பங்கீடு வந்தது, கூப்பன் வந்தது, கூட்டுறவுச் சங்கக் கடைகள் பெருகின. அரிசிக்குப் பதிலாகக் கோதுமை மா வீடுகளுக்குள் நுழைந்தது. அரிசி மாவில் பிட்டு அவித்துப் பழகிய கைகளுக்கு அது பெரிய சோதனை. தண்ணீர் பட்டதும் பசைபோல ஒட்டிக்கொள்ளும். மாவைத் துணியில் கட்டி நீராவியில் அவித்து, கட்டிகளை உடைத்து, அரிதட்டில் அரித்தெடுத்தால் பிட்டும் இடியப்பமும் உதிரியாக வரும் என்ற வழி வேலிக்கு வேலி, கிணற்றடிக்குக் கிணற்றடி பரவியது. இன்றும் நம் வீடுகளில் மா அவிப்பது அந்த வழியில்தான். அதைக் கண்டுபிடித்த பெண்ணின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

1970 முதல் 1977 வரையான இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் மரவள்ளிக் கிழங்கு பல வீடுகளில் முக்கிய உணவானது. அதில் நஞ்சும் இருக்கிறது. “மூடியைத் திறந்து வெச்சு அவி மகள், அவிச்ச தண்ணிய ஊத்திப் போடு” என்று மூத்தம்மாமார் சொன்னதற்குக் காரணம் உண்டு. கிழங்கிலிருந்து வெளியேறும் சயனைட் வாயு, மூடி திறந்திருந்தால் ஆவியோடு போய்விடும். மூத்தம்மாவுக்கு அந்தப் பெயர் தெரியாது. ஆனால் அவருடைய சொல் பிள்ளைகளைக் காப்பாற்றியது.

1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. அதே காலத்தில் நம்மவர்கள் வளைகுடா நாடுகளுக்குப் போகத் தொடங்கினார்கள். ரேடியோ, கெசட், மின்விசிறி, ரைஸ் குக்கர் எல்லாம் ஊருக்கு வந்தன. அப்போது எழுந்த சிக்கல் வேறு. சவூதியின் பல இடங்களில் 127 வோல்ட் மின்சாரம், இங்கே 230 வோல்ட். அங்கே நன்றாக வேலை செய்த பொருளை இங்கே செருகினால் நொடியில் புகை வரும். இரண்டு வருட உழைப்பின் அன்பளிப்பு அப்படிக் கருகிய வீடுகள் உண்டு. அதனால் பெட்டி பிரிக்குமுன் ஊரில் ரேடியோ திருத்தும் நானாவைக் கூட்டிவருவது வழக்கமானது. பின்பக்கத்தில் 110ஆ 220ஆ என்று பார்ப்பார், தேவையானால் டிரான்ஸ்போமர் போடச் சொல்வார். பெரும்பாலும் ஒரு தேத்தண்ணிதான் கூலி.

ரோட்டு விடயம் இன்னும் பாரமானது. நம் கரையோரத்தில் வளைவும் இல்லை, ஏற்றமும் இல்லை. இங்கே ஓட்டப் பழகியவர் மஹியங்கனை வழியாகக் கண்டிக்குப் போகும்போது பதினெட்டு வளைவைச் சந்திக்க வேண்டும். “ஏறின கியரிலயே இறங்கு மச்சான், பிரேக்கை மிதிச்சுக்கொண்டே வராதே” என்பது லொறிக்காரர்கள் சொல்லிக்கொடுத்த பாடம். தொடர்ந்து மிதித்தால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். ஒடுங்கிய இடத்தில் ஏறி வருபவருக்கு இறங்குபவர் வழிவிட வேண்டும் என்பதையும் பலர் அவர்களிடமிருந்தே கற்றார்கள்.

யுத்த காலத்தில் அந்தக் கேள்வி இரண்டே சொல்லாகச் சுருங்கியது: “ரோட்டு எப்படி?” விடியுமுன் மீன் ஏற்றிப் போகும் லொறிக்காரரிடமும் பஸ் சாரதியிடமும் கேட்காமல் யாரும் குடும்பத்தோடு புறப்பட மாட்டார்கள். சந்தேகமிருந்தால் “இன்டைக்கு வேணாம்” என்று விடுவார்கள். ஒரு நாள் வியாபாரம் போகும், உயிர் தங்கும். கேட்டவர் தமிழரா, முஸ்லிமா, சிங்களவரா என்று பாராமல் பதில் சொன்ன சாரதிகளைப் பற்றி இன்றும் பெரியவர்கள் நன்றியோடு பேசுகிறார்கள்.

இந்த வரலாற்றில் ஒரு குறையும் உண்டு. பெண்களின் ஆலோசனையைச் சமையலறை வாசலோடு நிறுத்திவிட்டோம். காணி வாங்கும்போதும் வாகனம் எடுக்கும்போதும் அவர்களிடம் கேட்டது குறைவு. ஹுதைபிய்யாவில் தோழர்கள் தயங்கி நின்றபோது, நபியவர்கள் தாமே முதலில் குர்பான் கொடுத்து முடி களையட்டும் என்ற ஆலோசனையைச் சொன்னவர் உம்மு ஸலமா (ரழி) அவர்கள். அதன்படி செய்ததும் எல்லோரும் பின்தொடர்ந்தார்கள். அதை மேடையில் சொல்கிறோம், வீட்டில் மறந்துவிடுகிறோம்.

2021 இன் கடைசியில் நாடெங்கும் எரிவாயு அடுப்புகள் வெடித்தபோது இந்தப் பழக்கத்தின் பெறுமதி மீண்டும் தெரிந்தது. ரெகுலேட்டர் இணைப்பில் சவர்க்கார நுரை பூசிப் பார், குமிழி வந்தால் கசிவு. வாயு பாரமானது, நிலத்தோடு கிடக்கும், கதவைத் திற, சுவிட்சைத் தொடாதே. இவை வீட்டுக்கு வீடு போயின. 2022 இல் எரிவாயுவே இல்லாதபோது ஈர விறகைப் புகையில்லாமல் எரிப்பது எப்படி என்று இளம் பெண்கள் மூத்தம்மாமாரிடம் கேட்டார்கள். பல வருடங்களுக்குப் பிறகு அந்த மூத்தம்மாமாரைத் தேடி ஒரு கேள்வி வந்தது.

அன்று ஆலோசனை சொன்னவர் மறுநாளும் அதே ஸப்பில் நம் பக்கத்தில் நின்றார். பிழையாகச் சொல்லிவிட்டு ஓட முடியாது. அதனால் அது அமானிதமாக இருந்தது. இன்று ஆலோசனைக்குப் பஞ்சமில்லை, சொன்னவரைத்தான் தேடிப் பிடிக்க முடியவில்லை. முச்சக்கர வண்டியை லீசிங்கில் எடுக்கச் சொல்பவருக்கு அதில் கொமிஷன் இருக்கலாம். மாதத் தவணை எவ்வளவு என்று சொல்வார், கட்டி முடிக்கும்போது மொத்தம் எவ்வளவு என்று சொல்லமாட்டார். அப்படிக் கடனில் மாட்டி, நகையை விற்று, பிள்ளையின் படிப்பை நிறுத்திய குடும்பங்களை நம் வகுப்பறைகளிலிருந்தே பார்க்கிறோம்.

ஆகவே ஒன்றை வாங்குமுன் மூன்று கேள்விகள் கேட்போம். சொல்பவர் அதைத் தானே பாவித்தவரா? அதில் அவருக்கு இலாபம் உண்டா? நாளை பிழைத்தால் அவரைக் காண முடியுமா? ஏமாற்றப்பட்டால் சும்மா இருக்கவும் வேண்டாம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் விவகார அதிகார சபை இருக்கிறது, அதன் தொலைபேசி இலக்கம் 1977. பொருளாதாரம் திறந்த அதே வருடம், மறக்காது.

நம்மிடம் யாராவது கேட்டால் தெரிந்ததை மறைக்காமல் சொல்வோம். தெரியாவிட்டால் தெரிந்தவரைக் காட்டுவோம். இந்த வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டு மூத்தம்மாவிடமும் அப்பாவிடமும் கூப்பன் காலத்தில் என்ன சமைத்தார்கள், யாரிடம் கேட்டார்கள் என்று கேட்டு, பிள்ளைகளைக் கொண்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அவர்கள் போனபின் கேட்க ஆளில்லை.

அல்லாஹ் நம் ஆலோசனைகளில் பரக்கத் செய்வானாக. வஸ்ஸலாம்.