பொருளியலும் கணிப்பொறியும்: இரு நகரங்கள், இரு கேள்விகள்

பொருளியலையும் கணிப்பொறியியலையும் ஒரே பட்டத்தில் இணைத்துக் கற்பது இன்று புதுமையாகப் பேசப்படுகிறது. இந்தியாவில் இவ்விணைப்பு கணிப்பொறியின் வருகையோடே தொடங்கிவிட்டது.

1955-இல் கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் பிரிட்டனிலிருந்து ஹெச்.இ.சி.-2எம் என்னும் கணிப்பொறியைத் தருவித்தது. அந்நிறுவனத்தை நிறுவிய மகலனோபிஸே இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் (1956–61) அடிப்படை மாதிரியையும் வகுத்தவர். பொருளாதாரத் திட்டமிடலுக்குப் பெருங்கணக்கீடு தேவை. கணக்கீட்டுக்குப் பொறி தேவை.

மும்பையில் தொடக்கம் வேறு. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவாகி, 1960-இல் இயங்கத் தொடங்கிய டிஃப்ராக், அறிவியல் கணக்கீட்டுக்கானது. அப்பணிக்குத் தலைமையேற்ற ஆர். நரசிம்மன் சென்னையில் பிறந்து, கிண்டிப் பொறியியல் கல்லூரியில் பயின்றவர்.

ஆனால் 1960-களில் கணிப்பொறி ஆய்வகத்தைக் கடந்து அலுவலகங்களுக்குள் நுழைந்தபோது வேறொரு கேள்வி எழுந்தது: எழுத்தர்களின் வேலை என்னவாகும்? மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட ஆயுள் காப்பீட்டுக் கழகத்தில் ஊழியர் சங்கங்கள் கணிப்பொறியை எதிர்த்தன. 1969-இல் தானியங்கிமயம் குறித்து ஆராய நடுவண் அரசு அமைத்த குழுவின் தலைவர் பொறியாளர் அல்லர், பொருளியலாளர் வி. எம். தண்டேகர். அதன் அறிக்கை 1972-இல் வெளிவந்தது.

முதலில் பொருளியல் கணிப்பொறியிடம் விடை கேட்டது; பின்னர் கணிப்பொறியைப் பற்றியே கேள்வி எழுப்பியது. முன்னதை மட்டும் கற்பிக்கும் பாடத்திட்டம் இவ்வரலாற்றின் பாதியையே கற்பிக்கிறது. தானியங்கிமயம் மீண்டும் வேலைகளைத் தொடும் இக்காலத்தில், மாணவர்க்கு மறுபாதியும் வேண்டும்.