ஒரு தந்தையின் கடிதமும் ஒரு குளிசையும்

வலிப்பு என்றதும் நம்மவர் மனக்கண்ணில் தோன்றுவது கைகால் இழுத்து, வாயில் நுரை தள்ளும் காட்சியே. கைக்குழந்தைகளைப் பீடிக்கும் கொடிய வலிப்பொன்று அவ்வாறு வருவதில்லை. துயில் கலைந்த குழந்தை தலையைக் கவிழ்த்து, கைகளை விரித்து, கணநேரம் குனிந்து நிமிரும். சில நொடிகளில் மீண்டும் குனியும். பெரும்பாலும் மூன்று மாதத்துக்கும் ஒரு வயதுக்கும் இடையில் இது தொடங்கும். வயிற்றுக்குத்து என்றெண்ணி வாளாவிருக்கும் வாரங்களில் குழந்தையின் சிரிப்பு மறையும். மூளை வளர்ச்சி பின்னடையும்.

இதனை முதன்முதலில் எழுதியவர் ஒரு தந்தை. இங்கிலாந்தின் ரொன்பிரிட்ஜ் நகர வைத்தியர் வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட், 1841இல் 'லான்செட்' இதழுக்குத் தம் மகனின் நோயை விவரித்துக் கடிதம் வரைந்தார். அட்டை விட்டும் அபின் கொடுத்தும் பயனில்லை. அறிந்தோர் வழிகாட்டுங்கள் என்பதே அவரது வேண்டுகோள். நோய்க்கு அவர் பெயரே நிலைத்தது. சிகிச்சையோ அவர் மகனுக்குக் கிட்டவில்லை.

நூற்றுப் பதினேழு ஆண்டுகள் கழித்து, 1958இல், பெல்ஜியத்தில் சொரெல் என்ற வைத்தியரும் அவரது சகாவும் ஏ.சி.ரி.எச். எனும் ஓமோன் ஊசி இவ்வலிப்பை நிறுத்துவதைக் கண்டறிந்தனர். சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பியைத் தூண்டி, அழற்சியையும் நோயெதிர்ப்புச் சக்தியின் வேகத்தையும் தணிக்கும் கோர்ட்டிசோலைச் சுரக்கச் செய்வது அந்த ஊசி. மூளையிலும் அது நேரடியாகச் செயற்படுகிறது என்போர் உளர்.

மருந்து கிடைத்தும் எட்டாக்கனியாயிற்று. அமெரிக்காவில் 2007இல் இவ்வூசி மருந்தின் ஒரு குப்பி ஏறத்தாழ 1,650 டொலரிலிருந்து 23,000 டொலருக்கு ஏறியது. ஊசியை நாள்விட்டு நாள் போட வேண்டும். குளிரூட்டியில் வைக்கவும் வேண்டும். 1990இன் பின் யாழ். குடாநாடும் தீவகமும் மின்சாரமின்றி இருளில் கிடந்த ஆண்டுகளை அறிந்தோருக்கு அதன் பொருள் விளங்கும். அக்காலத்தில் என் மேசைக்கு இறந்தோர், காயமுற்றோர் பட்டியல்கள் நாள்தோறும் வந்தன. இத்தகைய குழந்தைகளின் பட்டியல் ஒன்றேனும் வந்ததாக நினைவில்லை.

இந்நிலையில் கொழும்பிலிருந்து வந்த ஆய்வு கவனத்துக்குரியது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் ஜிதாங்கி வணிகசிங்க தலைமையில் 97 குழந்தைகளிடம் நிகழ்ந்த ஆய்வின் முடிவுகள் 2014, 2015 ஆம் ஆண்டுகளில் வெளியாயின. 48 குழந்தைகளுக்குப் பிரெட்னிசலோன் குளிசையும் 49 குழந்தைகளுக்கு ஊசியும் கொடுக்கப்பட்டன. பதினான்காம் நாளில் வலிப்பு நின்றோர் குளிசை பெற்றவர்களில் 28 பேர். ஊசி பெற்றவர்களில் 18 பேர். ஊசியின் அளவு குறைவு முதல் நடுத்தரம் வரையிலானது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆயினும் எந்த மருந்தகத்திலும் கிடைக்கும் மலிவான குளிசை, விலையுயர்ந்த ஊசிக்கு இளைத்ததல்ல என்பதை இலங்கை வைத்தியர்கள் உலகுக்குக் காட்டினர்.

காரைநகருக்கு இது முக்கியமானது. பொன்னாலைத் தாம்போதியைக் கடந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குச் செல்லும் தாய்க்கு, வீட்டில் கொடுக்கத்தக்க மருந்து ஒரு பெரும் ஆறுதல். ஆனால் இது தாமாக வாங்கிக் கொடுக்கும் மருந்தன்று. நோயெதிர்ப்புச் சக்தியை அடக்குவதால் கிருமித் தொற்று இலகுவில் பற்றும்; இரத்த அழுத்தம் ஏறும்; திடீரென நிறுத்துவதும் ஆபத்து. வைத்தியரின் கண்காணிப்பு இன்றியமையாதது.

வெஸ்ட் கடிதம் எழுதினார். இன்றைய பெற்றோரிடம் கைத்தொலைபேசி உண்டு. குழந்தை அடுக்கடுக்காகக் குனிவதைக் கண்டால் ஒரு நிமிடம் படம்பிடித்து, அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள். காலம் தாழ்த்தாத சிகிச்சையே இந்நோயில் பாதி மருந்து.