டிஸ்பென்சரித் தாளும் குடியுரிமையும்

எங்க அம்மாயிக்கு ரெண்டு பேர். லயத்துல கூப்பிடுறது ஒண்ணு, பிறப்புச் சான்றிதழில் இருப்பது இன்னொன்று. பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கிளாக்கர் ஐயா காதில் விழுந்ததை எழுதிட்டார். சின்னப் பிழைதானே? 1948க்குப் பிறகு அது சின்னப் பிழை இல்லை.

நம்ம ஆட்களைப் பொறுத்தவரை மருந்தும் குடிவரவும் ஆரம்பத்திலிருந்தே ஒண்ணாத்தான் வந்தன. ராமேஸ்வரத்துக்குப் பக்கத்து மண்டபம் முகாமில்தான் தொழிலாளர்களை நாள்கணக்கில் தடுத்து வைத்து, அம்மை குத்தி, காலரா இருக்கா என்று பார்த்தார்கள். யார் எந்தத் தோட்டத்துக்குப் போகிறார் என்ற பதிவும் அங்கேயேதான். உடம்பைச் சோதித்த இடமே ஆளை எண்ணிய இடமும்.

இந்தப் பக்கம், 1912இன் மருத்துவச் சட்டங்கள் தொழிலாளர் வைத்தியத்தைத் தோட்டத்தின் பொறுப்பாக்கின. நல்ல விசயம்தான். ஆனா லயத்தில் பிள்ளை பிறந்தால் பதிவாளருக்கு அறிவிப்பதும் துரைதான். தாய் சொல்ல, டிஸ்பென்சரியோ ஆபீஸோ எழுத, துரை கையெழுத்துப் போடுவார். தன் பிறப்புக்கான சாட்சி தன் கையில் இல்லாத சனம் நாங்க.

பிறகு வந்தது 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தகப்பனும் இங்கே பிறந்ததை, இல்லாட்டி தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததைக் காட்டணும். பூட்டன் பிறந்த தாளை எந்த டிஸ்பென்சரியில் போய்த் தேடுவது? 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் சுமார் எட்டு லட்சம் பேருக்காக விண்ணப்பம் போனது. கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கு. தாள் இல்லாதவரைக் 'கள்ளத்தோணி' என்றார்கள். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. மலையகத்திலிருந்து தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு சனம் வைத்த பேர் 'ஒப்பாரிக் கோச்சி'. கடல் தாண்டிப் போனவர்களில் பலர் தங்க வைக்கப்பட்டது எங்கே தெரியுமா? அதே மண்டபம் முகாமில்.

இது பழைய கதை மட்டும் இல்லை. இங்கிலாந்தில் 2017இல் நோயாளிகளின் முகவரியை உள்துறை அமைச்சுக்குக் கொடுக்க ஒப்பந்தமே போட்டார்கள். எதிர்ப்பு வந்ததும் 2018இல் பெரும்பாலும் நிறுத்தினார்கள். பிடிபடுவோம் என்று பயந்தவன் ஆஸ்பத்திரிக்கு வருவானா?

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடு நாடற்றவர் பிரச்சினை சட்டப்படி முடிந்தது. அம்மாயி இப்பவும் பதுளை ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போகும்போது, கிளினிக் கொப்பியோடு பிறப்புச் சான்றிதழையும் சிலிசிலிப் பைக்குள் வைத்துக்கொண்டுதான் போவா. "அதை யாரும் கேக்க மாட்டாங்க அம்மாயி" என்றேன். "கேட்டா?" என்றா.