நிறம் வென்ற கதை: தென்பாண்டி நாட்டு நாயினங்களும் வளர்ப்போர் கடமையும்

மலையடிவாரத்து அச்சன்புதூரிலிருந்து கிழக்கே சங்கரன்கோவில், கோவில்பட்டி என விரியும் கரிசல் காடும், வடக்கே இராசபாளையத்தைக் கடந்து தேனி மாவட்டத்துக் கோம்பை வரை செல்லும் மலையோரமும் இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய நான்கு நாட்டு நாயினங்களின் தாயகமாகும். மறைவற்ற கரிசலில் முயலைத் துரத்திப் பிடிக்க நீண்ட காலும் ஒடுங்கிய வயிறும் கொண்ட சிப்பிப்பாறையும் கன்னியும் உருவாயின. காட்டுப்பன்றி வயலில் இறங்கும் மலையோரத்தில் கட்டுடல் வாய்ந்த இராசபாளையமும் கோம்பையும் நிலைபெற்றன.

நாயின் உழைப்பை மதித்துப் போற்றுவது தமிழருக்குப் பழைய வழக்கமே. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மன் காலத்தில், அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், நடப்பட்ட நடுகல், எருமைகளைக் காத்து மாண்ட வீரனோடு, கள்ளனைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்னும் நாயையும் பெயர் சொல்லிப் பதிந்துள்ளது.

தென்பாண்டி வளர்ப்போரிடம் எழுதிவைத்த வம்சாவளி இல்லையெனினும், எந்தப் பெட்டை எந்த ஈற்றில், அதாவது எந்தப் பிரசவத்தில், எத்தகைய குட்டிகளைத் தந்தது என்பதைக் குடும்பத்தின் நினைவு காத்துவந்தது. களத்தில் தேறிய கடுவனே இனப்பெருக்கத்துக்கு உரியதாயிற்று. குட்டிகளை விலைக்கு விற்காமல் நம்பிக்கைக்குரிய உறவினரிடமே ஒப்படைத்ததாகவும், கன்னியை மணமகளுக்குச் சீதனமாக அனுப்பியதாகவும் வழங்கும் செய்திகள், குட்டி போய்ச் சேரும் வீட்டைப் பற்றி அவர்கள் கொண்டிருந்த அக்கறையைக் காட்டுகின்றன.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குக் கடிவாளம் இட்டது. காட்டுயிர்களுக்கு அது இன்றியமையாத காப்பு. ஆயினும் நாயின் தரத்தை அளந்த வேட்டைக்களம் அதனோடு சுருங்கவே, கண்ணுக்குத் தெரியும் நிறம் அந்த இடத்தைப் பிடித்தது. தூய வெள்ளை உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் இராசபாளையத்தின் இலக்கணமாகக் கொள்ளப்பட்டதில் ஓர் ஆழ்ந்த தீங்கு உண்டு. நிறமியை உண்டாக்கும் உயிரணுக்கள் உட்செவியின் செயலுக்கும் தேவைப்படுவதால், அவை குன்றிய வெள்ளைக் குட்டிகளில் சில பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் திறனை இழந்துவிடுகின்றன.

2005இல் அஞ்சல் தலையில் இடம்பெற்ற அளவுக்கு இராசபாளையம் புகழ்பெற்றிருந்தும், வளர்ப்போரின் பொறுப்பைச் சட்டமொழியில் வரையறுத்தவை 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விதிகளே ஆகும். மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்தல், 18 மாதம் நிரம்பாத பெட்டையை இணைசேர்க்காமை, வாழ்நாளில் ஐந்து ஈற்றுகளுக்கு மேல் போகாமை, எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்காமை ஆகியவற்றை அவை கட்டாயமாக்கின. வயதையும் எண்ணிக்கையையும் விதி சொல்லிவிடும். எந்தக் கடுவனை எந்தப் பெட்டையோடு சேர்ப்பது என்னும் முடிவோ இன்றும் வளர்ப்போரின் அறிவையே சார்ந்துள்ளது. அதற்கு ஆயத்தமாகும் ஒருவர், நாயின் கேட்கும் திறனை அறியக் கைதட்டிப் பார்ப்பதோடு நிறைவடையாமல், ஒலிக்கு மூளை காட்டும் மின் எதிர்வினையைப் பதியும் சோதனையை இரு செவிகளுக்கும் தனித்தனியே செய்விக்க வேண்டும். ஒரு செவி மட்டும் கேளாத நாய் மற்றதன் துணையால் குறையேதும் இல்லாததுபோலவே ஓடியாடித் திரியும்.