39 மணி நேரம்

அக்கா பையன் 34வது வாரத்துலயே பிறந்துட்டான். மூச்சு விட ரொம்பத் திணறினான். "நுரையீரலுக்குள்ள மருந்து விட்டிருக்கோம், பார்க்கலாம்"னார் டாக்டர். நுரையீரலுக்குள்ளயே மருந்தா? அன்னைக்கு வாசல் பெஞ்சுல முளைச்ச கேள்விதாங்க இந்தப் பதிவு.

வயித்துக்குள்ள இருக்குறப்போ குழந்தையோட நுரையீரல்ல காத்து கிடையாது, திரவம்தான். அதைச் சுரக்குறதும் நுரையீரலேதான். பிரசவ வலி வந்ததும் சுரப்பு நின்னு, உறிஞ்ச ஆரம்பிக்குது. முதல் சில மூச்சு மிச்சத்தைச் சுத்தியிருக்கிற திசுவுக்குள்ள தள்ளிடுது. ஆனா ஈரமான காற்றுப்பைகள் ஒவ்வொரு மூச்சுக்கும் சுருங்கி மூடிக்காம இருக்க சர்ஃபாக்டன்ட் வேணும். குறைமாசக் குழந்தைக்கு அது போதாது.

1959ல் பாஸ்டனில் இதைக் கண்டுபிடிச்சவங்க மேரி எலன் ஏவரியும் ஜெரி மீடும்.

1963 ஆகஸ்ட் 7ல் அமெரிக்க அதிபர் கென்னடிக்கு மகன் பிறந்தான். பேர் பேட்ரிக். ஐந்தரை வாரம் முன்கூட்டியே. அதே பாஸ்டனுக்குத்தான் கொண்டு போனாங்க. காரணம் தெரியும், மருந்துதான் இல்லை. 39 மணி நேரத்துல போயிட்டான்.

1980ல்தான் ஜப்பானில் ஃபுஜிவாரா, மாட்டு நுரையீரலில் இருந்து எடுத்த சர்ஃபாக்டன்ட்டை 10 குறைமாசக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பலன் கிடைச்சதைக் காட்டினார். காரணம் தெரிஞ்சு 21 வருஷம்!

எங்க வாண்டு இப்ப வீடு அதிர அதிரக் கத்துறான். யாரும் அவனை அதட்டுறதில்லை. கத்தட்டுமே!